மகால் தூண்களும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகள் இந்தப் பருவத்தில் நன்றாகவே உழைத்திருக்கிறார்கள். வட்டார விளையாட்டுப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சியும் நல்லபடியாக நடந்தது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

உலக பாரம்பரிய வாரத்தை ஒட்டிச் சனிக்கிழமை குடும்பத்தோடு திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வந்தோம் அல்லவா, அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அன்று காலை நிறைவாக இருந்தது. மகாலின் அரசவை மண்டபமான சொர்க்க விலாசத்து முற்றத்தில் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தூண்களை வரைந்தார்கள். 1970 வரை இங்கேதான் மாவட்ட நீதிமன்றம் இருந்தது என்று ஆசிரியர் சொன்னதும், ஒரு தாத்தா எழுந்து, தன் இளவயதில் நில வழக்குக்காக இதே படிகளில் ஏறி வந்த கதையைச் சொன்னார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடைக்காது.

மதியம் கிளம்பும் நேரத்தில், நம் மாணவர் ஒருவர் கவராய முனையால் தூணில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். இரண்டு எழுத்து முடிந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்தில் பெரியவர்கள் இருந்தார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்த காவலர் யாரையும் திட்டவில்லை. அந்தத் தூணருகே பேசாமல் நின்றார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

அந்தத் தூணில் ஏற்கெனவே எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன; பிள்ளை அதைப் பார்த்துத்தான் செய்தது. அதனால் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெற்றோரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்: கூட இருந்தும் கவனிக்காமல் விட்டது தவறு. 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது கால்பங்குதான். பெரும்பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்திராவிட்டால் நாம் பார்க்க இவ்வளவுகூட இருந்திருக்காது. தூண்மேல் இருப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சு. கீறலின்மேல் சும்மா வெள்ளையடித்தால் சரியாகிவிடாது. பழைய பூச்சைப் பெயர்த்து, சுதை வேலை தெரிந்தவர்கள் புதிதாகப் பூச வேண்டும். அப்போது பழையது போனது போனதுதான். மேலும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பது தொன்மைச் சின்னங்களுக்கான 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

இனி இப்படிப்பட்ட பயணங்களுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வேண்டாம். பென்சிலும் தாளும் பள்ளியே தரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வரை அவர் போனைப் பையில் வைத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்குகிறோம். இதற்கு ஒத்துழைக்காத குடும்பங்களை அடுத்த பயணத்தில் சேர்க்க இயலாது.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள்மீது நம்பிக்கை இருப்பதால்தான் எழுதினேன். திங்கட்கிழமை காலை மணியடிக்கும் முன்பே அந்த மாணவரின் தந்தை மகனோடு என் அறைக்கு வந்தார். மகாலுக்குத் திரும்பப் போய்க் காவலரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்களாம். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. வேலைக்கு விடுப்புப் போட்டு வந்த அம்மாக்களுக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டி வந்த பாட்டிகளுக்கும், கதை சொன்ன தாத்தாவுக்கும் நன்றி. பிள்ளைகள் வரைந்த தூண் படங்களைப் பள்ளி வராந்தாவில் மாட்டியிருக்கிறோம். மாலையில் அழைத்துப்போக வரும்போது அவசியம் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்