குடும்ப நல ஆலோசகர்களுக்கு, ரத்தம் எடுப்பவன் எழுதும் மடல்

வணக்கம்.

உங்களில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் சென்ற மாதம் ஒரு தம்பதி எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்கள். மாலை ஐந்தரை மணி. சீட்டில் ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று, ஆண்களின் பாலியல் ஹார்மோன் பெயர், ஒரே ஒரு சொல். கணவர் கையை நீட்டிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தபோது அந்த அம்மா கேட்டார்: “சார், அளவு அதிகமாக இருந்தால் இவருக்கு வெளியில் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தமா? குறைவாக இருந்தால் என்ன அர்த்தம்?” பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கணவரின் கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. முடிவைப் பற்றிப் பேசுவது என் வேலை இல்லை. ஆனால் சீட்டு எழுதியவர் அங்கே இருந்திருந்தால் கொஞ்சம் பேசியிருப்பேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும். பொழுது சாயச் சாய இறங்கும். அதனால்தான் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். காய்ச்சல் வந்தால் குறையும். தூக்கம் கெட்டாலும் குறையும். 2011இல் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கியிருந்தது. வீட்டில் சண்டை நடக்கும் நாட்களில் யார் நன்றாகத் தூங்குகிறார்கள்?

அடுத்து, ‘அளவு அதிகம் என்றால் ஆள் அலைவான்’ என்ற கணக்கு. இது வெறும் வதந்தி என்று தள்ளிவிட மாட்டேன். 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முன்னாள் ராணுவத்தினர் 4,462 பேரைப் பார்த்தது. அளவு கூடியவர்களிடம் மணமுறிவும் மணத்துக்கு வெளியிலான உறவும் சற்றே அதிகம். ஆனால் எது முதலில் வந்தது? பிலிப்பைன்ஸில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் எழுதினார்கள்: துணை அமைந்து தந்தையானவர்களுக்கு அளவு வெகுவாக இறங்கியது, தினமும் பல மணி நேரம் குழந்தையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. வாழ்க்கை மாறினால் எண்ணும் மாறுகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை வைத்து என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடைபோட முடியாது. ‘ஹார்மோன் செய்த வேலை’ என்று சில கணவர்கள் உங்கள் முன்னால் கைவிரிப்பதாகவும் கேள்விப்படுகிறேன். ஒரு பெண்ணின் எண்ணைக் கைப்பேசியில் மெக்கானிக் பெயரில் சேமித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் எதையும் எங்கள் கருவி இதுவரை கண்டதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது இதன் மறுபக்கம். கணவர் நெருங்கி வருவதில்லை, அதனால் வேறெங்கோ போகிறார் என்று மனைவி முடிவுகட்டுகிறார். நீங்களும் கோப்பில் ‘ஆர்வமின்மை, சந்தேகம்’ என்று எழுதிவிடுகிறீர்கள். அந்த மனிதரின் சர்க்கரையை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தத்தை? மனச்சோர்வுக்கு அவர் சாப்பிடும் மாத்திரையை? அந்த வகை மாத்திரைகளில் பல ஆசையைக் குறைப்பவை. விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் ரத்தக் குழாய் சமாச்சாரம். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. ஒரே அடைப்பு நோய் இரண்டிலும் படியும்போது குறுகலான குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே படுக்கையறையில் தெரிந்துவிடலாம். இதய மருத்துவரிடம் போயிருக்க வேண்டியவர் உங்கள் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறார்.

அவரும் வாயைத் திறக்க மாட்டார். துரோகி என்ற பெயரைக்கூடச் சுமந்துகொள்வார். ‘என்னால் முடியவில்லை’ என்ற சொல் மட்டும் வராது. அந்தச் சொல்லை வரவழைக்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் ஹார்மோன் குறைவே காரணம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களைப் பரிசோதித்த ஆய்வில், பாலியல் அறிகுறிகளும் குறைந்த அளவும் சேர்ந்து உறுதியானவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. இது தெரியாமல் தானாகவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இன்னொன்று. வெளியுறவு இருந்தது என்று உறுதியாகி, இருவரும் அழுது, சேர்ந்து வாழ்வதாக முடிவெடுத்த பிறகு யாரும் சீட்டு எழுதுவதே இல்லை. உண்மையில் பரிசோதனை தேவைப்படுவது அப்போதுதான். எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, கிளமிடியா என உடலுறவால் பரவும் தொற்றுகளுக்கு. இருவருக்கும். கிளமிடியா பலரிடம் எந்த அறிகுறியும் காட்டாது. எச்ஐவி தொற்று இப்போதைய ஆய்வகச் சோதனையில் தெரியவே 45 நாள் வரை ஆகலாம் என்பதால், முதல் முடிவு நல்லபடியாக வந்தாலும் இன்னொரு முறை எடுக்க வேண்டும். மன்னிப்போடு சேர்த்து இதையும் பேசிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பெரிய உபகாரம்.

அந்தத் தம்பதியின் முடிவு மறுநாள் வந்தது. அளவு இயல்பான வரம்புக்குள்தான் இருந்தது. அம்மா மட்டும் ரசீதுடன் வந்து உறையை வாங்கி, அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “இயல்பு என்றால் அவர் தப்புச் செய்தாரா, செய்யவில்லையா?” என்றார்.

உங்களிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.