அமீபாவும் லேகியமும்தான் கிடைத்தன

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவக் கேள்வி-பதிலில் 29 வயதுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். இதுவரை யார் மேலும் ஆசையே வந்ததில்லை, வீட்டில் வரன் பார்க்கிறார்கள், எனக்கு ஏதாவது கோளாறா என்று. டாக்டர் ஹார்மோன் டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டு, "வெறும் கூச்சம்தான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று முடித்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே பதிலை 27 வயதில் என்னிடமும் சொன்னார்கள். இப்போது எனக்கு 43.

தைராய்டு, ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். அப்புறம் திருமணஞ்சேரி. அங்கே கொடுத்த மாலையைக் கல்யாணம் ஆகும்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று அம்மா பூஜை அலமாரியில் வைத்தார். அம்மாவும் போய்விட்டார், மாலை சருகாகி அங்கேயேதான் கிடக்கிறது, எடுத்துப்போட மனசு வரவில்லை. சித்தி மட்டும் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "எவனாவது ஏமாத்திட்டானாடி?" என்று கேட்டார். ஏமாற்றுவதற்கும் ஒருத்தன் வேண்டுமே! நம்ம சீரியல்களில் கல்யாணம் ஆகாத அத்தை என்றாலே ஒன்று பழைய காதல் தோல்வி, இல்லையென்றால் அடுத்தவர் குடியைக் கெடுக்கிற வயிற்றெரிச்சல். சும்மா சந்தோஷமாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற அத்தையை நான் பார்த்ததே இல்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று 37 வயதில்தான் தெரிந்தது. அசெக்ஷுவல், சுருக்கமாக ஏஸ். யாரிடமும் பாலீர்ப்பு தோன்றாதவர்கள், அல்லது மிக அரிதாகத் தோன்றுகிறவர்கள். காதலே தோன்றாதவர்கள் அரோமான்டிக், அதாவது அரோ (முதலில் கேட்டபோது எனக்கு அரோகராதான் ஞாபகம் வந்தது). இரண்டும் ஒன்றல்ல. காதல் வேண்டும், துணை வேண்டும், படுக்கை வேண்டாம் என்கிற ஏஸ் உண்டு, அப்படியே தலைகீழாகவும் உண்டு. எனக்கு இரண்டுமே இல்லை. இதைத் துறவு என்று நினைக்க வேண்டாம், துறப்பதற்கு ஆசை என்று ஒன்று முதலில் இருக்க வேண்டும்.

சரி, தமிழில் படிக்கலாமே என்று அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினேன். பாலிலா இனப்பெருக்கம் வந்தது. அமீபா, ஹைட்ரா, ஈஸ்ட். "ஆசை வரவில்லை" என்று போட்டால் தாது புஷ்டி லேகியம் விளம்பரம்! எனக்கு உதவியதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததுதான். 2001-ல் அமெரிக்காவில் டேவிட் ஜே என்பவர் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கிய ஏவென் என்ற அமைப்பு, நம் நாட்டில் டாக்டர் பிரகதி சிங் தொடங்கிய இந்தியன் ஏசஸ். 2019-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. கருப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா என்று நாலு பட்டை போட்ட கொடி, வலதுகை நடுவிரலில் கருப்பு மோதிரம் எல்லாம் இருக்கிறது. மோதிரத்தை நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். சனிக்குப் பரிகாரமா என்று ஆபீஸில் கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் படித்ததால் எனக்கு இதெல்லாம் கிடைத்தது. உங்களுக்கு எழுதிய பெண் தமிழில் கேட்டாள், அவளுக்கு "சரியாகிவிடும்" கிடைத்தது.

பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆன்டனி போகர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர், எனக்கு யாரிடமும் ஈர்ப்பு தோன்றியதே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கல்யாணப் பந்தியில் 300 இலை போட்டால் மூன்று இலை எங்களுடையது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ம் ஆண்டுக் கையேடும், தன்னை ஏஸ் என்று அடையாளம் காண்கிறவருக்கு ஆசைக் குறைபாடு என்று நோய்ப் பெயர் எழுதக்கூடாது என்கிறது. பால் ஈர்ப்பை மருந்து கொடுத்து மாற்றப் பார்க்கக்கூடாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இதெல்லாம் உங்கள் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? திடீரென்று ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், நியாயம். இந்தப் பெண் எப்போதுமே இருந்ததில்லை என்கிறாள்.

கல்யாணம் செய்துவைத்தால் மாட்டிக்கொள்வது அவள் மட்டுமா? ஒன்றும் தெரியாமல் தாலி கட்டுகிறவனும்தான். அவன் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் கல்யாணத்தை ரத்து செய்வதற்கான 1955 இந்துத் திருமணச் சட்டம் 12-வது பிரிவில் "இயலாமை" (தாம்பத்தியத்துக்கு இயலாதவர்) என்ற சொல் இருக்கிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவள் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

மறுப்பு எல்லாம் வேண்டாம். அதே பகுதியில், விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து, அந்தக் கேள்விக்கு இன்னொரு தடவை பதில் போடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அவள் முகவரி உங்களிடம் இருக்கும், எனக்குத் தர வேண்டாம், இந்தக் கடிதத்தை ஒரு நகல் எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுங்கள். வரன் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள், சீக்கிரம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி