செருப்ப மெஷின்ல வீசின கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, நாசவேலைன்னு இப்ப சொல்றோமே அந்த சபோட்டாஜ்ங்கிற வார்த்தை எப்படி வந்துச்சுன்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க, பிரான்ஸ்ல தொழிலாளிங்க கோவத்துல கால்ல இருந்த மரச்செருப்ப கழட்டி மெஷினுக்குள்ள வீசினாங்களாம், அந்த செருப்பு பேரு சபோ, அதனாலதான் சபோட்டாஜ்னு. படிக்க ஜோராத்தான் கீது சார், ஆனா அப்படி வீசினதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. 1811ல இங்கிலாந்துல நாட்டிங்காம் பக்கம் காலுறை பின்றவங்க நெஜமாவே மெஷின ஒடச்சாங்க, அவங்க எடுத்துக்கினு போனது சுத்தியல்.

நான் இத புடிச்சுக்கினு தொங்குறதுக்கு காரணம் இருக்குது, பேர்ணாம்பட்டு ஆளு நான், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில 22 வருஷம் அப்பர் ஸ்டிச்சிங்ல, அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கிற எடத்துல இருந்தவன்.

சபோன்னா நம்ம பாதக்குறடு மாதிரி குமிழ் வச்ச பலகை இல்ல. ஒரே கட்டைய குடைஞ்சு ஷூ மாதிரியே செய்வாங்க, சேத்துல எறங்கி வேலை செய்யற குடியானவங்க போடறது. எங்க லைன்ல முகாம்லருந்து வந்த சிலோன் அக்கா ஒருத்தங்க ஷூவ சப்பாத்துன்னுதான் சொல்லுவாங்க, அது போர்ச்சுகீசு வார்த்தை, சபோவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான். பழைய பிரெஞ்சு அகராதில சபோட்டாஜ்னா இந்த மரச்செருப்பு செய்யற தொழில்னே போட்டிருக்கு, அந்தக் கணக்குக்கு எங்க ஊரு மொத்தமும் சபோட்டாஜ்தான்!

கட்டைய மாட்டிக்கினு நடந்தா டொக்கு டொக்குன்னு தத்தக்கா பித்தக்கா நடைதான் வரும் இல்லயா, அதுலருந்து வேலைய கன்னாபின்னான்னு செய்யறதுக்கும் அந்த வார்த்தைய சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. 1889ல கிளாஸ்கோ துறைமுகத்துல ஸ்ட்ரைக் பண்ணாங்க, முதலாளிங்க விவசாயக் கூலிங்கள கொண்டாந்து மூட்டை எறக்கினாங்க, அவங்களுக்கு வேலையே தெரியல, அதையே முதலாளிங்க ஆகா ஓகோன்னாங்க. தோத்துப்போயி திரும்பி வந்தவங்க, அவங்க எப்படி செஞ்சாங்களோ நாமளும் அப்படியே செய்வோம்னு மெதுவா அரைகொறையா செய்ய ஆரம்பிச்சாங்க. இத பாத்துதான் எமில் பூஜேன்னு ஒரு பிரெஞ்சு தொழிற்சங்கக்காரர் 1897ல பிரான்ஸ்ல துலூஸ்ல நடந்த தொழிற்சங்க மாநாட்டுல சபோட்டாஜ எடுத்து வச்சாரு, கெட்ட கூலிக்கு கெட்ட வேலை, அவ்ளோதான் அவர் பாலிசி. 1910ல பிரெஞ்சு ரயில்வே ஸ்ட்ரைக் வந்தப்போ இங்கிலீஷ் பேப்பருங்க இந்த வார்த்தைய புடிச்சுக்கிச்சு, அப்பறம் போற போக்குல குண்டு வைக்கிறது, தண்டவாளத்த பேக்குறது எல்லாம் அதுக்குள்ள வந்துடுச்சு.

இப்ப என் கதை. ஒரு வருஷம் ஓவர்டைம் காச பாதியா கொறச்சாங்க. யாரும் வாயத் தொறந்து எதுவும் பேசல, மறுநாளுலருந்து கை தானா மாறிடுச்சு. இஞ்சுக்கு 11 தையல் வரவேண்டிய எடத்துல 8, வாம்ப் ஓரத்துல பேக் தையல் போடாம நூல கட் பண்ணி விடறது. (இந்த வாம்பும் பிரெஞ்சுலருந்து வந்ததுதான் சார், முன்பாதம்னு அர்த்தம்.) செக்கிங் டேபிள்ல ரிஜெக்ட் பொட்டி ரொம்பி வழியுது, சூப்பர்வைசர் ஓடியாந்து "இன்னாம்மா தையல் இது, வூட்டு தலகாணி உறையா தைக்கிறீங்க"ன்னு கத்தறாரு.

எட்டு பேருக்கு மெமோ வந்துச்சு. இங்கிலீஷ் காப்பில சபோட்டாஜ், தமிழ் காப்பில நாசவேலை. என்கொயரில எங்க யூனியன்காரர் எழுந்து, எந்த மெஷின் ஒடஞ்சுது, எந்த பெல்ட் அறுந்துது காட்டுங்கன்னு பிடிபிடின்னு பிடிச்சாரு, அவங்களால ஒண்ணும் காட்ட முடியல. அப்பறம் ரிட்டயர் ஆயி பேரன் போன்ல நோண்டி இதெல்லாம் படிச்சப்போதான் தெரிஞ்சுது, தமிழ் காப்பிதான் தப்பு, இங்கிலீஷ் காப்பி ரொம்ப கரெக்டா இருந்திருக்கு. நல்லவேள அன்னைக்கு யூனியன்காரருக்கும் தெரியல மேனேஜருக்கும் தெரியல, மூணு நாள் சம்பளத்தோட போச்சு.

இப்படிக்கு,
பழைய ஸ்டிச்சிங் ஆபரேட்டர் ஒருத்தன்,
பேர்ணாம்பட்டு.