நாற்பது சதுர அடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழக அரசின் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்ததிலிருந்து கடலூர் முதுநகர் டீக்கடைகளில் பேச்செல்லாம் சதுர அடிதான். குடியிருப்பு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம் உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதைத் தாண்டினால் 100 சதவீதம்.

என் வீடு 1,240 சதுர அடி. கடைசி நாற்பது அடி, 2011இல் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு பின்பக்கம் ஷீட் போட்டுக் கட்டிய சமையல்கட்டு. இப்போது அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டுகிறேன். அந்த நாற்பது அடி இல்லாதிருந்தால் புதிய வரி 1,200 ரூபாய்க்குள் முடிந்திருக்கும், இருப்பதால் 1,400 ரூபாய். ஒரு சமையல்கட்டுக்காக ஆண்டுக்கு 400 ரூபாய்க்கு மேல் கூடுதல். "அடுப்பைத் திண்ணைக்கே மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார் என் மனைவி.

வரியே ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. சென்னை தவிர்த்த ஊர்களில் கடைசியாக 2008இல் சீராய்வு நடந்தது. 2018இல் கூட்டியதையும் மறுஆண்டே நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதினான்கு வருட விலைவாசிக்குப் பழைய வரியில் தெருவிளக்கு எரியாது. மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று, மத்திய நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவும் நிபந்தனை போட்டிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தானே அடுத்த விகிதம்? அதே போல 1,200 அடிக்கு 50, மிச்ச நாற்பதுக்கு மட்டும் 75 என்று ஏன் கணக்கிடக்கூடாது?

இதை யாரிடம் சொல்வது? 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் காலம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். கடந்த ஆண்டு மாநகராட்சி ஆனோம், இந்தப் பிப்ரவரியில் ஓட்டுப் போட்டோம். 45 வார்டுக்கும் ஆள் வந்தாயிற்று. அவர்கள் கையில் வந்திருக்கும் முதல் பெரிய வேலையே இந்த வரி உயர்வுக்கு மன்றத்தில் போட வேண்டிய தீர்மானம்தான்.

ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று பேப்பரில் ஒரு சின்னக் கட்டம் வரும். விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குக் கிளம்பும் மீன்காரம்மாவோ, சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பவரோ அதைத் தேடிப் படிக்கப்போவதில்லை. வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது, வாடகை மட்டும் ஏறிவிடும். கிராமத்திலாவது கிராம சபை கூடுகிறது, வரவு செலவைக் கேட்கலாம். நகரத்துக்காரர்களுக்கு இதுவரை அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

ஆகவே கவுன்சிலர்களே, மன்றத்தில் தீர்மானம் போடுவதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை வார்டுக்கு ஒரு கூட்டம் வையுங்கள். ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுங்கள், ஆட்டோவில் மைக் கட்டி அறிவியுங்கள். ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்குள் வந்த ஆட்டோக்கள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன. பழைய வரி எவ்வளவு, புதியது எவ்வளவு, வீட்டை எத்தனை அடியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அங்கேயே வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

எங்கள் வார்டுக் கூட்டத்துக்கு நாற்காலி போட நான் தயார். வரும்போது அளக்கிற டேப்பையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்
ஏப்ரல் 2022