லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைச் சேர்க்கைக் குழுக்களுக்கு: பழைய மதிப்பெண்ணுக்கும் காலாவதி வையுங்கள்

சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்.

வரலாறு, தத்துவம், இலக்கியம், அறிவியல் என்று பல துறைகளைச் சேர்த்து வாசிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் முதுகலைக்கு நீங்கள் கேட்கிற ஆவணங்களில் சிலவற்றுக்குக் காலாவதி உண்டு. முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், ஆங்கிலத் திறனுக்கான டோஃபல் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டு. அதைத் தாண்டிவிட்டால் திரும்ப எழுதச் சொல்கிறீர்கள், ஏனென்றால் அன்றைக்கு வாங்கிய எண் இன்றைய ஆளைக் காட்டாது. சரி, நியாயம்தான். அப்படியானால் பத்தொன்பது, இருபது வயதில் வாங்கிய இளங்கலை மதிப்பெண் மட்டும் எப்படி ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது? நாற்பத்தைந்து வயதில் விண்ணப்பிக்கிறவரிடமும் முதலில் கேட்பது அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலைத்தான், அதில் ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி, 3.0-க்குக் கீழே இருந்தால் பல இடங்களில் மற்ற பக்கங்களை யாராவது புரட்டுவார்களா என்பதே சந்தேகம்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங், பார்ப்பது கட்டுமான வேலை. எனக்கு லிபரல் ஆர்ட்ஸ் எதற்கு என்று நேர்காணல்களில் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நான் கையில் எடுக்கிற மீட்டர் என்ற அளவு 1790-களில், பிரெஞ்சுப் புரட்சியின் நடுவில் பிறந்தது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வரையறுத்து, அதைக் கணக்கிட டெலாம்ப்ர், மெஷாங் என்ற இரண்டு வானியலாளர்கள் 1792-இல் கிளம்பி டன்கிர்க்கிலிருந்து பார்சலோனா வரை அளந்தார்கள், வேலை முடிய ஆறேழு ஆண்டுகள் ஆயின. ஒரு நாடு அரசனைத் தூக்கியெறிந்துகொண்டிருந்த நேரத்தில் அளவுகோலையும் ஏன் மாற்ற வேண்டும் என்று நினைத்தது? பிரபுவுக்கு ஒரு படி, குடியானவனுக்கு ஒரு படி என்றிருந்த காலத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு என்பது அரசியல் கோரிக்கையா, கணிதமா, தத்துவமா? இந்தக் கேள்வியை எந்தத் துறையின் கதவில் போய்த் தட்டுவது? வரலாற்றுத் துறைக்குப் போனால் வரலாற்றில் இளங்கலை கேட்பார்கள், தத்துவத் துறையிலும் அதே கதைதான். உங்களைப் போன்ற படிப்புகள் இருப்பதே இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தானே.

இந்தப் படிப்புகள் யாருக்காகத் தொடங்கப்பட்டன என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1953-இல் இப்படிப்பட்ட படிப்பை ஆரம்பித்தபோது மனதில் வைத்திருந்தது பள்ளி ஆசிரியர்களை, அதாவது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1962-இல் வந்தது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1967-இல் சாண்டா ஃபே நகரில் தொடங்கியதும் ஆசிரியர்களுக்கான கோடைக்கால வகுப்பாகத்தான். ஆக, இது நேரே கல்லூரியிலிருந்து வருகிற இருபத்திரண்டு வயதுக்காரரை மட்டும் எதிர்பார்த்துக் கட்டிய வீடு இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் மட்டும் அவருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் இருவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். கல்லூரியை விட்டு இருபது ஆண்டு ஆனவருக்கு அந்தப் பேராசிரியர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள், சிலர் உயிரோடு இல்லை, மிச்சமிருப்பவர்கள் முகத்தை மறந்திருப்பார்கள். அப்புறம் என்ன நடக்கிறது? யாரோ ஒருவரிடம் கெஞ்சி, நாமே எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்து வாங்குவது பலருக்கு ஒரே வழியாகிவிடுகிறது, அந்தக் கடிதத்தை நம்பி நீங்களும் ஆளை எடைபோடுகிறீர்கள். மேலதிகாரியிடம் வாங்கலாம் என்று சில படிவங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் அவரால் நான் நேரத்துக்கு வருவேன், பொறுப்பாக இருப்பேன் என்றுதான் எழுத முடியும். ஒரு கடினமான நூலோடு நான் எப்படி மல்லுக்கட்டுவேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள நேரான வழி ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே நான்கு பக்க உரைப்பகுதி ஒன்றை அனுப்பிவிட்டு, அரைமணி நேரம் வீடியோ அழைப்பில் அதைப் பற்றி என்னோடு பேசிப்பாருங்கள். நான் வாசிக்கத் தெரிந்தவனா, இன்னொருவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவனா, தெரியாததைத் தெரியாது என்று சொல்பவனா என்பது அதிலேயே வந்துவிடும். கலந்துரையாடலை நம்பி நடக்கிற வகுப்புக்கு இதைவிட நல்ல சோதனை என்ன இருக்க முடியும்?

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்று நாமே எழுதித் தரும் கட்டுரை, அதைப் பற்றியும் ஒன்று. உங்கள் ஆய்வுத் தலைப்பு என்ன, எந்தப் பேராசிரியரிடம் பணியாற்ற விருப்பம் என்கிற கேள்விகள் முனைவர் பட்டப் படிவத்திலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. லிபரல் ஆர்ட்ஸுக்கு வருகிற பலரிடம் தலைப்பு இருக்காது, ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காததால் எல்லாரும் ஒரே மாதிரி ‘சிறுவயது முதலே ஆர்வம்’ என்று எழுதி அனுப்புகிறார்கள், அதைப் படித்துச் சலித்துப்போவதும் நீங்கள்தான்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேலையில் இருப்பவர்களும் படிக்க வசதியாக நடக்கும் பிரிவான ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் பள்ளியில் முதுகலைச் சேர்க்கைக்குப் பழைய மதிப்பெண்ணோ ஜி.ஆர்.இ.யோ முதல் தடை இல்லை, குறிப்பிட்ட சில பாடங்களை முதலில் எடுத்துப் படித்து, பி கிரேடுக்குக் குறையாமல் வாங்கிக் காட்டினால் வாசல் திறக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. இன்றைக்கு என்னால் என்ன முடியும் என்பதை இன்றைக்கே செய்து காட்டச் சொல்கிறது. அதற்குக் காசு செலவாகிறது என்பது உண்மை, எல்லாராலும் முடியாது என்பதும் உண்மை. ஒரே ஒரு பாடத்துக்காவது கட்டணச் சலுகை கொடுத்து இதை மற்றவர்களும் செய்யலாம். பெரிய செலவாக எனக்குத் தோன்றவில்லை, தவறான ஆளைச் சேர்த்துப் பாதியில் இழப்பதோடு ஒப்பிட்டால்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் சார்பாக இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் மாலை நேர, பகுதிநேரப் படிப்பாகத்தான் நடத்துகிறீர்கள். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்கு முழுநேர மாணவராக இருக்க வேண்டும், முழுக்க இணையவழிப் படிப்புக்கு அந்த விசா கிடைக்காது. அப்படியிருக்க, எங்கள் படிப்புக்கு விசா ஆவணம் தர முடியாது என்ற வரியைக் கேள்வி-பதில் பகுதியின் அடியில் ஒளித்து வைக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள். எத்தனை பேர் எஸ்.ஓ.பி., கடிதம் எல்லாம் தயார் செய்த பிறகு அதைக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா?

அடுத்தது மூன்றாண்டு இளங்கலைப் பட்டம். அமெரிக்காவில் இளங்கலை பொதுவாக நான்கு ஆண்டு என்பதால் இதைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது, சில, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனம் என்ன சொல்கிறதோ அதைப் பார்ப்போம் என்று சொல்லும். ஏற்காமல் இருப்பது உங்கள் முடிவு, அதில் சண்டை போட வரவில்லை. ஆனால் மதிப்பீட்டுக்கு ஒரு கட்டணம், விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம் என்று எல்லாம் கட்டிய பிறகு ‘உங்கள் பட்டம் தகுதியற்றது’ என்று ஒற்றை வரி மின்னஞ்சல் வருவது சரியில்லை. பட்டத்தின் பெயர், ஆண்டுகள், நாடு, இந்த மூன்றையும் கேட்டு ஒரு சிறு படிவம் போதும். தகுதி உண்டா இல்லையா என்று ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கட்டணத்தை வாங்குங்கள்.

இப்படிக்கு,
அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்க இருக்கும் ஒருவன்