படகுக் கூரையில் வென்ட் பொருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

படகு கட்டித் தருபவர்களுக்கும், கூரைக்கான உலோக வென்ட்களை, அதாவது காற்று போய்வரும் துளைக்கு மேல் பொருத்தும் மூடிகளை, செய்து விற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படுக்கை அறையும் கேஸ் அடுப்பும் உள்ள படகில் உள்ளிருப்பவர்களின் மூச்சு இந்தச் சிறிய மூடியை நம்பித்தான் இருக்கிறது. அடுப்பு சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் வென்ட் வாங்க வருபவருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் அதன் பளபளப்பும் விட்டமும்தான்.

அந்த விட்டமே ஏமாற்றும். 100 மி.மீ. துளையின் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர மி.மீ. காளான்போல் கவிழ்ந்த மூடிக்கும் குழாய் விளிம்புக்கும் இடையே 25 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் அத்தனை பரப்பும் காற்றுக்குக் கிடைக்கும். விட்டத்தில் கால் பங்கு. எந்த அளவு வென்ட்டுக்கும் இதே கணக்கு. கயிறு சிக்கக் கூடாது, தாழ்வாக இருந்தால் அழகு என்று மூடியை 10 மி.மீ. உயரத்தில் நிறுத்தினால் 3,140 சதுர மி.மீ. மட்டுமே மிஞ்சும். பாதிகூட இல்லை. பூச்சி வலை வைத்தால் அதுவும் குறையும். ஆகவே, வலையையும் கழித்து உண்மையில் திறந்திருக்கும் பரப்பு எவ்வளவு என்பதை வென்ட்டின் உட்புறத்திலேயே பொறித்துக் கொடுங்கள். மற்றக் கோரிக்கைகளை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடாதீர்கள்.

அடுத்தது உலோகம். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் எழுதினால் போதாது. அதன் தரம் 304-ஆ, 316-ஆ என்று எழுதுங்கள். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும்; 304 கடலோரத்தில் பழுப்புக் கறை படிந்து நிற்கும். நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்குப் பித்தளை தாராளமாகப் போதும், தேய்த்தால் மறுபடி மின்னும். உப்பு நீர் ஓயாமல் தெறிக்கும் இடத்தில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, உலோகம் செந்நிறமாகிப் பொலபொலத்துப் போகும். அங்கே வெண்கலமே நல்லது. குரோமியம் முலாம் பூசியதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முலாமில் புள்ளி விழுந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிலைக்கு வராது.

பொருத்தும்போது நடக்கும் அவசரம்தான் பல கூரைகளைக் கெடுக்கிறது. அலுமினியக் கூரைமேல் பித்தளையை நேராக வைத்து, இடையில் ஈரமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது பித்தளை அல்ல, கூரை. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே கேஸ்கெட் என்னும் ரப்பர் தகடு வேண்டும். திருகுகளுக்கும் பிளாஸ்டிக் குழலும் வாஷரும் வேண்டும். இரும்புக் கூரையில் துளையிட்டதும் வெட்டிய விளிம்புக்குப் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு வென்ட்டை வையுங்கள். நடுவில் மரம் வைத்த ஃபைபர் கூரையென்றால் அந்த விளிம்பை எபாக்ஸிப் பிசினால் அடைக்காமல் விடாதீர்கள். நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பசை வேண்டாம். என்றாவது ஒருநாள் கழற்றத்தான் வேண்டியிருக்கும். சிலிக்கானும் வேண்டாம்; அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது. பியூட்டைல் நாடா என்னும் ரப்பர் ஒட்டுநாடா போதும்.

பராமரிப்பைப் பற்றி ஒரு தாளாவது எழுதிக் கொடுங்கள். தூசியும் சிலந்திக்கூடும் அடைத்த வலை காற்றை நிறுத்திவிடும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மூடியையும் வலையையும் கருவியில்லாமல், கையாலேயே கழற்ற முடிந்தால் சுத்தம் செய்வார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை இரும்பு நார் கொண்டு தேய்க்கக் கூடாது, பிளீச்சிங் திரவம் ஊற்றக் கூடாது என்றும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மழையே பெய்யாத குளிர் காலையில் வென்ட்டிலிருந்து நீர் சொட்டினால் ஒழுகல் என்று நினைத்துச் சுற்றிலும் பசை பூசுகிறார்கள். பெரும்பாலும் அது உள்ளிருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளிர்ப்பது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. மூச்சின் ஈரம் வேறு. அறைக்குள் தெரியும் வென்ட்டின் உள்வளையத்தை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்தால் இந்தச் சொட்டு வெகுவாகக் குறையும்.

சொட்டும் குளிரும் தாங்காமல்தான் மக்கள் வென்ட்டில் துணியை அடைக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அடைத்த அறையில் அடுப்பு எரிவதை நினைத்தால்தான் பதறுகிறது. அடுப்போ கணப்போ உள்ள அறைக்குத் திருகி மூடக்கூடிய வென்ட்டை விற்காதீர்கள். மேலே மட்டும் துளை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். கீழேயும் திறப்பு இருந்தால்தான் புதுக் காற்று உள்ளே வந்து பழைய காற்று மேலேறும். புகைபோக்கிக்கும் எஞ்சின் புகை வெளிவரும் இடத்துக்கும் விலகியே துளையிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருக்கிறோமே என்று எவராவது வென்ட் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால், அவர் பணம் கொடுக்கும் வாடிக்கையாளராகவே இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படகில் குடியிருக்கும் ஒருவர்