கூகுள் மேப்பில் உங்க கடையை ஒரு தடவை தேடிப் பாருங்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். நேத்து நம்ம பாத்திரக்கடை அண்ணனைத் தேடி வந்த வெளியூர்க் குடும்பம், வெயிலில் மகாமகக் குளத்தை ரெண்டு சுத்து சுத்தியிருக்காங்க. மேப்பில் பார்த்தா கடை அடுத்த தெருவில் நிக்குது, போன் நம்பர் எப்பவோ எடுத்துட்ட லேண்ட்லைன். மனசு கேக்கலை, உடனே உட்கார்ந்து திருத்தினோம்.

எல்லாரும் இன்னைக்கே பாருங்க. மேப்பில் உங்க கடை பேர், இடம், போன் நம்பர் காட்டுற பக்கம்தான் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அது இலவசம். பணம் கேட்டு யார் கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க. போர்டில் இருக்கிற பேரை மட்டும் போடுங்க. "கும்பகோணம் பெஸ்ட் பித்தளை விளக்கு"ன்னு ஒட்டு சேர்த்தா புரொஃபைலையே முடக்க வாய்ப்பிருக்கு. என்ன விக்கிறீங்கன்னு சொல்ற வேலையை புரொஃபைலில் போடுற கடை வகையும் போட்டோவும் பார்த்துக்கும். கடை உங்களுதுதானான்னு சரிபார்க்கிற வெரிஃபிகேஷனுக்கு கூகுள் வீடியோ கேட்டா தெரு, போர்டு, நீங்க ஷட்டர் பூட்டைத் திறக்கிறது, மூணும் வெட்டாம ஒரே வீடியோவில் வரணும்.

வாடிக்கையாளர்கிட்ட ரிவியூ தாராளமா கேளுங்க. அதுக்குத் தள்ளுபடி தராதீங்க, கூகுள் விதிப்படி தப்பு. குறை எழுதினவங்களுக்கு முதல்ல பதில் போடுங்க. பொங்கல், தீபாவளிக்கு கடை திறக்கிற, மூடுற நேரத்தையும் மறக்காம மாத்துங்க.

கைவராதவங்க ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு போனோட என் கடைக்கு வாங்க, சேர்ந்து முடிச்சிடலாம்.